வெறும் சக்கரம்

எங்கள் வீட்டில் யாரும் வெறும் கையோடு உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. டிவி பார்க்கிறவர் மடியில் உரிப்பதற்குச் சின்ன வெங்காயம் இருக்கும். போனில் பேசுகிறவர் கை, புளியிலிருந்து கொட்டை எடுத்துக்கொண்டிருக்கும். இருபத்தேழு வருஷம் இங்கே இருந்து நானும் அப்படியே ஆகிவிட்டேன். அதனால் நடந்ததில் என் பங்குப் பழியை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். மற்றவர்கள் பங்கைக் குறைத்துச் சொல்லும் எண்ணம் மட்டும் எனக்கு இல்லை.

எலப்புள்ளிக்குக் கிழக்கே எங்கள் தோட்டம். தென்னை, கொஞ்சம் நெல், நாலு மாடு, மாட்டுக்குப் போடச் சோளத்தட்டு. ஒரே வளவில் இரண்டு வீடுகள். ஒன்றில் நானும் என் கணவரும். மற்றதில் அவருடைய அண்ணன் குடும்பம். அண்ணன் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். வாய்தான் அப்படிக் கூப்பிடும்.

மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு நான் கஞ்சிக்கோட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். அட்டைப்பெட்டி மடித்து ஒட்டும் வேலை. காலையில் பஸ் நிறுத்தம் வரை சைக்கிளில் போய், அங்கே பெட்டிக்கடைக்குப் பின்னால் அதைப் பூட்டிவிட்டுக் கம்பெனி வேனில் ஏறிவிட்டால், சாயங்காலம் வரை யாரும் என்னை எதற்கும் கூப்பிட மாட்டார்கள். மத்தியானம் சோற்றை உட்கார்ந்து, முழுதாக, யாருக்கும் எடுத்துப்போட எழுந்திருக்காமல் சாப்பிடுவேன். அந்த வேலை ஒன்றும் உயர்ந்த வேலை இல்லை. கையெல்லாம் பசை. ஆனால் அது எனக்குப் பிடித்திருந்தது, அது என் கணவருக்குப் பிடிக்கவில்லை. "நம்ம ஊட்டுல இல்லாத வேலையா அங்க?" என்று வாரத்துக்கு ஒரு முறையாவது கேட்பார். நான் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே கேட்டுக்கொண்டு போய்விடுவேன்.

ஒரு மழைநாள் காலையில், வேலைக்குக் கிளம்பும் முன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டக் கட்டுத்தரைக்குப் போனேன். சாணித் தண்ணீரில் கால் வழுக்கியது. வலது முழங்கால் சிமெண்ட் விளிம்பில் மோதிச் சில்லு இரண்டாகிவிட்டது. பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துக் கட்டினார்கள். ஆறு வாரம் காலை நீட்டியபடியே வைத்திருந்தேன். கம்பெனியில் மூன்று மாதம் என் இடத்தைக் காலியாக வைத்திருப்பதாகச் சொன்னார்கள். அதற்குமேல் முடியாது என்றும் சொன்னார்கள். அதில் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

கட்டைப் பிரித்தபோதுதான் தெரிந்தது, கால் மடங்க மறந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண் இரண்டு கை வைத்த ஒரு பிளாஸ்டிக் அளவுகோலை முழங்காலோடு வைத்து ஐம்பது டிகிரி என்றாள். என் மகள் வயதுகூட இருக்காது. கம்பெனியில் செங்குத்தான இரும்புப் படி ஏறி, மாடியில் தாழ்ந்த ஸ்டூலில் நாள் முழுக்க உட்கார வேண்டும் என்று நான் சொன்னேன். அப்படியானால் நூற்றுப்பத்து வேண்டும் என்றாள். என் கையில் இன்னும் ஆறு வாரம் இருந்தது.

"வீட்டில் சைக்கிள் உண்டோ சேச்சீ?" என்று கேட்டாள். ரோட்டில் ஓட்டவே கூடாது, ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி இருந்த இடத்திலேயே மிதிக்க வேண்டும் என்று விளக்கினாள். பிறகு நான் கதவுப்பக்கம் போனதும் மறுபடியும் கூப்பிட்டு, விரலை ஆட்டி, "லோடு ஒட்டும் வேண்டா. வெறுதெ சவிட்டியா மதி" என்றாள். பாரமே இருக்கக் கூடாது, வெறுமனே மிதித்தால் போதும். இதை அவள் மலையாளத்தில் சொன்னாள், நான் தமிழில் தலையாட்டினேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் கணவரிடமும் இதை அப்படியே சொன்னேன். அவர் காதில் விழவில்லை என்று பிறகு யாரும் கதை கட்ட வேண்டாம்.

போனில் வீடியோக்களைப் பார்த்தேன். ஒரு வெள்ளைக்காரர் பளபளக்கும் உருளைமேல் சைக்கிளை ஏற்றி, வியர்வை துடைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் அந்த உருளைக்கு எங்கே போவது? மாட்டுக்கொட்டகைக் கதவு அடிக்கும் பட்டறைக்காரரை நானே போனில் கூப்பிட்டேன். அவர் வந்து என் சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஏனுங்க, ஓடாத சைக்கிளுக்கு எதுக்குங்க ஸ்டாண்டு?" என்றார். ஓடாமல் இருக்கத்தான் என்றேன். அவருக்கு அது சுத்தமாகப் பிடிபடவில்லை. ஆனாலும் வேலை சுத்தமாகச் செய்தார்.

இரும்பு ஆங்கிளில் இரண்டு கால்கள், கீழே அகலமான சட்டம். பின்சக்கரத்தின் அச்சு நட்டு இரண்டும் அந்தக் கால்களின் பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும். சக்கரம் தரையிலிருந்து நாலு விரல் மேலே நிற்கும். முன்சக்கரம் தாழ்ந்துபோகாமல் இருக்கத் தென்னங்கட்டை ஒன்றில் பள்ளம் வெட்டி அதில் வைத்தோம். சைக்கிள் மட்டமாக நிற்கிறதா என்று பார்க்கக் கேரியரில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துப் பார்த்தார். தண்ணீர் ஒரு பக்கம் சாய்ந்தது. அட்டையை மடித்துக் கீழே சொருகினோம். நான் ஒட்டிய அட்டைதான்.

சீட்டை எட்டும் மட்டும் உயர்த்தி வைக்கச் சொல்லியிருந்தாள் அந்தப் பெண். உயரமாக இருந்தால் முழங்கால் குறைவாக மடங்கினால் போதும். பழகப் பழக ஒரு விரல் ஒரு விரலாக இறக்கிக்கொண்டே வர வேண்டும். அவ்வளவு உயரத்தில் ஏற மர ஸ்டூல் ஒன்றைப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். முதல் நாள் முழுச் சுற்று வரவே இல்லை. பாதி தூரம் முன்னால், பிறகு பாதி தூரம் பின்னால். மேலே வரும்போது முழங்காலுக்குள் யாரோ கயிற்றை இழுத்துப் பிடிப்பதுபோல் நின்றுவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு அங்கேயே பத்து எண்ணிவிட்டுத் திரும்புவேன். காலை அரை மணி, மாலை அரை மணி. வலியில் அழுதிருக்கிறேன். யார் எதிரிலும் அழவில்லை.

கூடத்தில் டிவிக்கும் நெல் மூட்டைக்கும் நடுவில் நின்றிருந்தது சைக்கிள். இரண்டாம் நாளே அக்கா வந்துவிட்டார். வாசலில் நின்றபடி கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்ற அம்மிணி, வெறும் சக்கரத்தையா சுத்தற?"

"காலுக்குங்க அக்கா. டாக்டர் சொன்னது."

"காலுக்குச் சரி. வெறும் ஆட்டாங்கல்லச் சுத்தப்படாது, வெறும் தொட்டில ஆட்டப்படாது. இதும் அது மாதிரிதான. நல்ல ஊட்டுல வெறுஞ்சக்கரம் சுத்துனா ஆகாது பாத்துக்க."

அவருக்கு என் கால்மேல் அக்கறை இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு வேலை பலன் இல்லாமல் நடப்பதை அவரால் தாங்க முடியாது. மறுநாள் நான் குளிக்கப் போன நேரத்தில் மஞ்சள் துணியில் ஒரு கை நெல்லை முடிந்து பின்சக்கரத்துக் கம்பிகளுக்கு நடுவில் கட்டிவிட்டுப் போயிருந்தார். சக்கரம் இனி வெறும் சக்கரம் இல்லையாம். மிதித்தபோது அது சட்டத்தில் இடித்துத் தக், தக் என்றது. கத்தரியை எடுத்து வெட்டி அவர் வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் வைத்தேன். அதற்குப் பிறகு பத்து நாளுக்குமேல் எங்களுக்குள் பேச்சு இல்லை. எனக்கு அது சௌகரியமாகவே இருந்தது.

வேடிக்கை பார்க்க உறவுக்காரர்கள் வந்தார்கள். "ஊட்டுக்குள்ளயே ஜிம்மு வெச்சுட்டியாமா?", "கோயமுத்தூரு போய்ச் சேந்துட்டியா, இல்ல வாளையார் தாண்டலியா?" என்றெல்லாம் கேட்டுச் சிரித்தார்கள். என் கணவர் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். சிரிக்கும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பதினோராம் நாள் காலை, கால் மேலே போய் நிற்காமல் அந்தப் பக்கம் விழுந்தது. முழுச் சுற்று! என்ன நடந்தது என்று புரிவதற்குள் இன்னொன்று. சக்கரம் பிடித்துக்கொண்டு உர்ரென்று ஓடியது. மிதிப்பதை நிறுத்திய பிறகும் அது தானாகச் சுற்றி, டிக் டிக் என்று மெதுவாகி நின்றது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்த வாரம் ஆஸ்பத்திரியில் தொண்ணூற்றைந்து என்று அளந்தாள் அந்தப் பெண். கையைத் தட்டினாள். இன்னும் மூன்று வாரத்துக்குமேல் இருக்கிறது, சுலபமாக நூற்றுப்பத்துக்குப் போய்விடலாம் என்றாள். திரும்பும் வழியில் கம்பெனிக்குப் போன் செய்து வந்துவிடுவேன் என்று சொன்னேன். பக்கத்தில் என் கணவர் உட்கார்ந்திருந்தார். பஸ் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

இரண்டு நாள் கழித்து, ஒரு கல்யாணத்துக்குக் கொழிஞ்சாம்பாறைவரை போய்விட்டுச் சாயங்காலம் வந்தேன். கூடத்தில் சைக்கிள் இல்லை. தரையில் அட்டை மட்டும் கிடந்தது. பின்னால் கட்டுத்தரையில் சுத்தியல் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன்.

தட்டு வெட்டும் மெஷின் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெரிய இரும்புச் சக்கரம், அதில் இரண்டு கத்தி, கையால் பிடித்துச் சுற்ற ஒரு பிடி. ஒரு பக்கம் சோளத்தட்டைக் கொடுத்தால் மறு பக்கம் துண்டு துண்டாக விழும். அந்த மெஷினுக்குப் பின்னால் என் சைக்கிளை நிறுத்தியிருந்தார்கள். பின்சக்கரத்து டயரும் டியூபும் கழற்றியாகிவிட்டது. டயர் இருந்த பள்ளத்தில் பழைய மோட்டார் பெல்ட்டைப் போட்டு, அதை மெஷின் சக்கரத்தைச் சுற்றி மாட்டியிருந்தார்கள். பெல்ட் தளராமல் இருக்க ஸ்டாண்டின் காலைச் சிமெண்ட் தரையில் ஓட்டை போட்டு போல்ட்டால் முடுக்கிக்கொண்டிருந்தார் அதே பட்டறைக்காரர். இப்போது அவருக்கு ஸ்டாண்டு எதற்கு என்று புரிந்துவிட்டது. முகத்தில் அவ்வளவு திருப்தி.

என் கணவர் நிமிர்ந்தார். "பாத்தியாம்புள்ள? நீ மிதி, நான் தட்டுக் குடுக்கறன். உன்ற காலுக்கும் ஆச்சு, மாட்டுக்கும் ஆச்சு. வீணா சுத்திட்டிருந்ததுக்கு ஒரு வழி ஆச்சா இல்லியா?"

பாரம் கூடாது என்று சொன்னார்களே என்றேன்.

"இது என்ன பாரம்? எருமையா கட்டி இழுக்கறோம்? பச்சத்தட்டு, வாழத்தண்டு மாதிரி வெட்டும்."

அக்கா தன் வீட்டு வாசலில் நின்றிருந்தார். "இப்பத்தான் லட்சணமா இருக்குது" என்றார். அந்த நெல் முடிச்சுக்குப் பிறகு அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அது.

இங்கேதான் என் பங்கு வருகிறது. நான் அங்கேயே பெல்ட்டை அறுத்திருக்க வேண்டும். அறுக்கவில்லை. உள்ளுக்குள் எனக்கே ஒரு கூச்சம் இருந்தது. தினம் ஒரு மணி நேரம் எல்லாரும் ஓடியாடி வேலை செய்யும்போது நான் மட்டும் காற்றை மிதித்துக்கொண்டிருப்பது திருட்டுப்போல் உறுத்திக்கொண்டிருந்தது. என் அப்பன் வீடும் தோட்டம்தான். நானும் அந்த ரத்தம்தான். இந்தப் பக்கத்தில் எந்தச் சாதாரணக் குடும்பத்திலும் நடந்திருக்கக்கூடிய முட்டாள்தனம்தான் இது. ஸ்டூலைப் போட்டு ஏறி உட்கார்ந்தேன்.

முதல் நாள் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதையும் சொல்லிவிட வேண்டும். நான் மிதிக்க, எதிரில் குந்தி உட்கார்ந்து அவர் தட்டைக் கொடுத்தார். கத்தி சரக் சரக்கென்று வெட்டியது. மாடுகள் திரும்பிப் பார்த்தன. "மெதுவா, மெதுவா" என்று அவர் கையைக் காட்டினார். ஒரு தடவை பெல்ட் நழுவியபோது இரண்டு பேரும் சிரித்தோம். நாங்கள் இரண்டு பேரும் முகம் பார்த்து ஒரு வேலை செய்து எவ்வளவு வருஷம் ஆகியிருந்தது! கூலிக்கு ஆள் வைத்துத் தட்டு வெட்டும் வீட்டில், அன்று மாடுகளுக்கு நான் வெட்டியதைப் போட்டேன்.

இரண்டாம் நாள் தட்டு முற்றலாக இருந்தது. ஒவ்வொரு கத்தி விழும்போதும் மிதிகட்டை காலைத் திருப்பி உதைத்தது. வலிக்கிறது என்றேன். "புது வலி, போகப் போகச் செரியாப்போகும்" என்றார். மூன்றாம் நாள் வளவில் இருந்த எட்டு மாட்டுக்கும் சேர்த்துத் தட்டு வந்து குவிந்திருந்தது. அக்கா வீட்டு மாட்டுக்கும் நானே. நாலாம் நாள் காலையில் எழுந்தால் முழங்கால் பூசணிக்காய்போல் வீங்கி, தொட்டால் கொதித்தது. காலைக் கட்டிலிலிருந்து கீழே வைக்க முடியவில்லை.

ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்தப் பெண் அளவுகோலை வைத்தாள். எழுபது. திரும்ப ஒரு தடவை வைத்துப் பார்த்தாள். எழுபதுதான். என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். நான் சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. "ஆரா பறஞ்ஞது?", இதையெல்லாம் யார் செய்யச் சொன்னது என்று என் கணவர் பக்கம் திரும்பினாள். "இது காலாணு. மோட்டரல்ல."

தன்னைவிட முப்பது வயது சின்னவள் திட்டியதில் அவருக்குச் சுருக்கென்றது. தோளில் இருந்த துண்டைச் சரிசெய்துகொண்டார். பிறகு அவர் சொன்னது இதுதான். நான் ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை.

"ஊட்டுக்குள்ள நடக்கறதுக்கு இப்ப இருக்கற மடக்கமே போதுமுங்க. அவ இனி வெளிய எங்கியும் போகோணும்னு இல்லீங்க."

அவர் கோபத்தில் சொல்லவில்லை. அவசரத்திலும் சொல்லவில்லை. ரொம்ப நாளாக மனதில் முடிவு செய்து வைத்திருந்ததைச் சொல்லும் குரல் அது. நான் படுத்திருந்த கட்டிலில் காகித விரிப்புக் கசங்கியது. அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். அவ்வளவு அவமானம் எனக்கு அதற்கு முன் நேர்ந்ததில்லை. என் கால் எவ்வளவு மடங்க வேண்டும் என்பதை இவர் எப்போதோ அளந்து வைத்துவிட்டார். கூடத்துக்கும் அடுப்படிக்கும் கட்டுத்தரைக்கும் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு.

வீக்கம் வடியப் பத்து நாள் ஆயிற்று. பத்து நாளும் சும்மா படுத்திருந்தேன், நாளை எண்ணிக்கொண்டு. எழுந்து நிற்க முடிந்த அன்று ஸ்பானரை எடுத்துக்கொண்டு கட்டுத்தரைக்குப் போனேன். குனிய முடியாது. தரையில் ஒரு காலை நீட்டி உட்கார்ந்து, அந்த நாலு போல்ட்டையும் நானே கழற்றினேன். பெல்ட்டை அரிவாளால் இரண்டாக அறுத்தேன். சத்தம் கேட்டு என் கணவர் வந்தார்.

"என்ன பண்ற?"

"கண்ணு தெரியுதுல்லீங்க."

"மாட்டுக்குத் தட்டு?"

"உங்களுக்குக் கை இருக்குதுங்க. மடங்குது."

சைக்கிளைக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு வர ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒருவரும் கை கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. சீட்டைப் பழையபடி எட்டும் மட்டும் உயர்த்தினேன், டயரைத் திரும்ப மாட்டவில்லை. வெறும் வளையமும் கம்பியுமாக அது இன்னும் லேசாகச் சுற்றியது. டிவிக்கு நேர் எதிரில், அவர் நாற்காலியிலிருந்து பார்த்தால் சக்கரம்தான் தெரியும்படி நிறுத்தினேன். அவர் செய்தி கேட்கும் நேரத்தையே என் நேரமாக வைத்துக்கொண்டேன். அவர் சத்தத்தைக் கூட்டினார். நான் வேகத்தைக் கூட்டினேன். வேண்டுமென்றே செய்தேன். சக்கரம் வெறுமனே, ஒருவருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லாமல் சுற்றிக்கொண்டிருப்பதை அவர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே செய்தேன்.

வீட்டில் பேச்சு என்றால் சோறு போட்டாயிற்று, தண்ணீர் வந்தாயிற்று, அவ்வளவுதான். அக்கா வாசல்வரை வந்து சக்கரத்தைப் பார்த்துவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பிவிடுவார். என் மகள் போனில் சமாதானம் பேசினாள். "அப்பாவுக்கு வெவரம் பத்தாதும்மா, உடு" என்றாள். உன் அப்பாவுக்கு விவரம் போதாமல் இல்லை, வேண்டிய அளவுக்குமேல் இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்தேன். சீட்டை ஒரு விரல் இறக்கினேன். எழுபத்தைந்து, எண்பத்தைந்து, தொண்ணூறு. நாள்காட்டியில் நாட்கள் அதைவிட வேகமாகப் போயின.

மூன்று மாதம் முடிந்த அன்று தொண்ணூற்றைந்துக்குத் திரும்ப வந்திருந்தேன். பதினைந்து குறைவு. தட்டு வெட்டாமல் இருந்திருந்தால் என்று கணக்குப் போடுவதை நிறுத்த எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் புடவையை இறுக்கிக் கட்டிக்கொண்டு போனேன். பஸ் நிறுத்தத்துக்கு ஆட்டோ, அங்கிருந்து கம்பெனி வேன். வேனில் இருந்த பெண்கள் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்கள். இரும்புப் படியில் நல்ல காலை வைத்து, கெட்ட காலை அதன் பக்கத்தில் இழுத்து வைத்து, கம்பியைப் பிடித்து ஏறிவிட்டேன். சூப்பர்வைசர் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டூலைக் காட்டினார். உட்காரப் போனேன். முக்கால்வாசி தூரத்தில் முழங்கால் நின்றுவிட்டது. மேசையைப் பிடித்து அழுத்திப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர கால் இறங்கவில்லை. கையை விட்டிருந்தால் விழுந்திருப்பேன்.

நல்ல மனிதர் அவர். எல்லார் எதிரிலும் ஒன்றும் சொல்லவில்லை. கீழே அழைத்துப்போய், சூடாகக் கட்டன்சாயா வாங்கிக் கொடுத்து, இடம் ஒழிந்தால் கூப்பிடுவதாகச் சொன்னார். திங்கட்கிழமை முதல் வேறு ஒரு பெண் வருகிறாளாம். நான் சாயாவைக் குடித்து முடித்துவிட்டு வெளியே வந்தேன். கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்று பஸ்ஸுக்குக் காத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் என் கணவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். பைக்கை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அரை மணியில் திரும்பி வந்து ஒரு பொட்டலத்தை என் எதிரில் வைத்தார். மைசூர்பாகு. நெய் காகிதத்துக்கு வெளியே கசிந்திருந்தது. மகள் பிறந்தபோதுகூட அவர் எனக்கென்று தனியாக எதுவும் வாங்கி வந்ததில்லை. ஃபேனை என் பக்கமாகத் திருப்பி வைத்தார். "போனாப் போகுது உடு. ஊட்டுல இருந்துக்கலாம்" என்றார். அவ்வளவு கனிவாக. இத்தனை வாரம் கழித்து முதல் தடவையாக நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். அக்கா ஒரு கிண்ணத்தில் கோழிக்குழம்பு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, என் தலையைத் தடவிவிட்டுப் போனார். அவர்கள் நடிக்கவில்லை. இரண்டு பேருக்கும் உண்மையிலேயே மனசு நிறைந்திருந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

மைசூர்பாகைப் பிரிக்காமல் எழுந்தேன். சைக்கிளிடம் போய் நட்டைத் தளர்த்திச் சீட்டை ஒரு விரல் இறக்கினேன். ஸ்டூலில் கால் வைத்து ஏறினேன். மேலே வரும்போது வலித்தது. பத்து எண்ணினேன். அந்தப் பக்கம் விழுந்தது.

என் கணவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை. வேலை போய்விட்டது, போக வேண்டிய இடமும் இல்லை. பிறகு ஏன் இந்த மனுஷி உயிரைக் கொடுத்து மிதிக்கிறாள்?

"வேலதான் போயிருச்சே. இன்னும் எதுக்கு மிதிக்கற?" என்றார்.

"கால் என்னுதுங்க" என்றேன்.